கொள்ளுத்தாத்தா படம்

"அந்த புக்கு பைண்டிங்குக்குப் போயிருக்கு சார்."

ஈவ்லின் இதைச் சொல்வது நாலாவது தடவை. காஸ்பருக்குச் சுர்ரென்று ஏறியது. மயிலாப்பூர் பங்குக் கோயில் ஆபீஸில் வேலை பார்க்கிற சின்னப் பெண், ரிடையர்டு ஹெட்மாஸ்டரிடமே கதை அளக்கிறாள்.

"ஒரு ஞானஸ்நானப் பதிவேட்டை ரெண்டு மாசமாவா பைண்ட் பண்றாங்க?"

அவள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

காஸ்பர் குடும்ப வரலாறு எழுதுகிறார். பிரஷர், சுகருக்கு அடுத்து ரிடையர் ஆனவர்களுக்கு வருகிற வியாதி. கொள்ளுத்தாத்தா சவரிராயன் பெரிய மனுஷர் என்பது அவர் கணிப்பு. போட்டோ கிடையாது. அதனால் என்ன, தி.நகரில் ஓர் ஓவியரைப் பிடித்து, தன் மூஞ்சியையே மாடலாகக் கொடுத்து, தலைப்பாகையும் முறுக்கு மீசையும் வைத்து வரையச் சொல்லி ஹாலில் மாட்டியாகிவிட்டது.

"மாறுவேஷப் போட்டிக்குப் போன மாதிரி இருக்கீங்க," என்றாள் மனைவி பியாட்ரிஸ்.

இனி சவரிராயனுடைய அப்பா பேர் தெரிந்தால் போதும். வரலாறு முடிந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் ராயப்பேட்டையில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ஃபிரெட்ரிக், தன் மகன் ஆஸ்வினுக்கு ரெனிட்டாவைப் பெண் கேட்டு வந்தார். ரெனிட்டா காஸ்பரின் ஒரே மகள். சின்னவர்கள் ரெண்டு பேரும் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்ட கல்யாணம்.

காஸ்பர் படத்தைக் காட்டினார். "இவர்தான் சவரிராயன், எங்க பரம்பரை. உங்க பரம்பரை எப்படி?"

"எங்க கொள்ளுத்தாத்தா நம்ம கோயில்லதாங்க மணியடிச்சார். அவர் பேரும் சவரிராயன்தான்."

"பேர் ஒண்ணா இருந்தா ஆச்சா? மணியடிச்ச வீட்டுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது?"

ஃபிரெட்ரிக் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காபியைக் குடித்து முடித்தார். "வரேங்க," என்று எழுந்து போனார். அன்றிலிருந்து ரெனிட்டா அப்பாவிடம் பேசுவதில்லை.

இப்போது ஈவ்லினுக்குப் பின்னால் பீரோ திறந்திருந்தது. முதுகில் 1878 என்று எழுதிய, அவர் கேட்ட அதே பதிவேடு அதற்குள் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"ஃபிரெட்ரிக் இங்க வந்தாரா?"

"வந்தார் சார்."

"அதானே. அவங்க வண்டவாளம் ஏதோ இதுல இருக்கு, மறைக்கச் சொல்லியிருக்கார். எடும்மா, இல்லேன்னா ஃபாதர்கிட்ட போறேன்."

ஈவ்லின் எடுத்து வைத்தாள். காஸ்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புரட்டினார்.

பிள்ளையின் பேர்: சவரிராயன். தாய் தகப்பன்: தெரியாது. கோயில் வாசலில் கிடந்த பிள்ளை. ஞானத்தகப்பன்: மணியடிக்கிற சவரிராயன். தன் பேரையே வைத்து வளர்க்க எடுத்துக்கொண்டார்.

வேறு யாராவதாக இருக்கும் என்று ஓரத்தில் பிற்பாடு சேர்த்திருந்த கல்யாணக் குறிப்பைப் பார்த்தார். பெண் பேர் அந்தோணியம்மாள். சாட்சாத் கொள்ளுப்பாட்டி.

ஹாலில் தொங்குகிற தலைப்பாகையை நினைத்ததும் காஸ்பருக்குக் காதெல்லாம் சுட்டது.

"கோயில்ல கல்யாண ஓலை அறிவிப்பு வாசிக்க ஃபார்ம் குடும்மா," என்றார் கடைசியில். "ரெனிட்டாவுக்கும் ஆஸ்வினுக்கும்."

கொடுத்தாள். வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு உதவி. இந்தப் பக்கம் ஃபிரெட்ரிக் கண்ணுல பட்டுடக்கூடாது. அவர்கிட்ட அவ்வளவு பேசியிருக்கேன்."

ஈவ்லின் பதிவேட்டை மூடினாள்.

"அவங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும் சார். அன்னிக்கு உங்க வீட்லேர்ந்து அவர் நேரா இங்கதான் வந்தார். 'இந்தப் பக்கம் காஸ்பர் சார் கண்ணுல பட்டுடக்கூடாதும்மா, பாவம், ஆசையா படம் மாட்டி வெச்சிருக்கார்'னு சொல்லிட்டுப் போனார்."