டூத் பிரஷ் சாவி

டூத் பிரஷின் பிடி மெழுகுவர்த்திக்கு மேலே வளைந்து, சொட்டத் தொடங்கியது.

ஒவ்வொரு சொட்டையும் சோப்புக் கட்டியில் இருந்த பள்ளத்தில் விழவைத்தேன். காலையில் அண்ணன் குளிக்கப் போன நேரத்தில், இந்த அறையில் உள்ள பீரோ லாக்கரின் சாவியை அந்தச் சோப்பில் அழுத்தி எடுத்த அச்சு அது.

லாக்கருக்குள் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்கு மாதத்துக்கு முன் அண்ணன் வைத்துப் பூட்டினான். அதன்பிறகு அதைத் திறக்கவில்லை. என்னைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை.

இன்று நான்கு மணிக்குள் அசலைக் காட்டினால் பயிற்சி நிலையத்தில் இடம் கிடைக்கும். விடுதியும் உண்டு. காட்டாவிட்டால் இந்த அறை, இந்த ஜன்னல், ஜன்னலை அடைத்து நிற்கும் எதிர்வீட்டுச் சுவர்.

"என்ன அங்க பிளாஸ்டிக் தீயுற நாத்தம்? வீட்டக் கொளுத்திட்டு ஓடப் போறியா?" என்றாள் அண்ணி, கூடத்திலிருந்து.

"சீப்பு அண்ணி. மெழுகுவர்த்தில பட்டுடுச்சு."

பட்டப்பகலில் எதற்கு மெழுகுவர்த்தி என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் வேலைக்குப் போய்விட்டால் அவள்தான் எனக்குக் காவல். வாசலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். சான்றிதழ் கைக்கு வந்தால் எனக்குப் பின்கதவு போதும்.

இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவள் கொசு; வகுப்பில் அவளுக்கு அதுதான் பட்டப்பெயர். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பேனா மூடியை உருக்கி விளையாட்டு ஆசிரியரின் அலமாரிக்குச் சாவி செய்தோம். எதையும் எடுக்கவில்லை. அவருடைய விசிலுக்குள் ஒரு சொட்டுப் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுப் பூட்டினோம்.

மறுநாள் மைதானத்தில் அவர் கன்னம் புடைக்க ஊதினார். புஸ்ஸென்று கூட வரவில்லை. சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விக்கல் எடுத்தது. அதனால்தான் மாட்டினோம்.

ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார்கள். அப்போதெல்லாம் வெளியே நிற்பதுதான் தண்டனை.

சோப்பைப் பிளந்து சாவியை எடுத்தேன். ஓரத்துப் பிசிறுகளைப் பிளேடால் சீவினேன்.

லாக்கர் துளையில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

மறுபடி சீவினேன். அதே இடத்தில் நின்றது. மணி இரண்டே முக்கால்.

ஹேர்பின்னை நீட்டித் துளைக்குள் விட்டு நெம்பினேன். ஏதோ தட்டுப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்ததும் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

சாவியின் ஒடிந்த முனை.

என்னுடையது வெள்ளை. இது பச்சைப் பிளாஸ்டிக். மூன்று பற்களும் என்னுடையதைவிட நேர்த்தியாகச் சீவப்பட்டிருந்தன.

திரும்பினேன். அறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அண்ணனைக் கூப்பிட அவளிடம் போன் இருந்தது. என் கையில் மறைக்க முடியாதபடி இரண்டு சாவிகள் இருந்தன.

அவள் கூடத்துக்குப் போய் வாசல் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு வந்தாள். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒடிந்த பச்சை முனையை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவசரப்படாமத் திருப்பு. என் டிகிரி சர்டிபிகேட்டும் அதுலதான் இருக்கு."