கழுத்துவரை கஞ்சி

ஆதரவற்றோர் இல்லத்து அண்டாவில் முன்பெல்லாம் கஞ்சி கெட்டியாக இருக்கும். கரண்டியை விட்டால் நட்டுக்குத்தலாக நிற்கும். அப்புறம் அரிசி விலை ஏறியது. அரசாங்கம் தரும் பணம் மட்டும் பத்து வருஷமாக ஏறவில்லை. சமைக்கும் எஸ்தர் அக்கா அரிசியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினாள்.

பணத்தை உயர்த்தித் தரச்சொல்லி இல்லம் மனுப் போட்டது. சோதித்துப் பார்க்க ஓர் அளவுகோல் வந்து அண்டாவுக்குள் இறங்கியது.

"கழுத்துவரை கஞ்சி இருக்கே! பத்து வருஷத்துக்கு முன்னாடியும் இதே உயரம்தான். அப்புறம் என்ன குறை?" என்றது அளவுகோல்.

"ஐயா, என்னை இதுக்குள்ள நிறுத்திப் பாருங்க," என்று கெஞ்சியது கரண்டி.

"உயரம் பார்க்கத்தான் எனக்கு உத்தரவு."

மனு தள்ளுபடியானது.

கரண்டி அண்டாவிடம் பொருமியது: "அவர் வந்த அன்னைக்காவது நீ பாதியோட நின்னிருக்கக் கூடாதா?"

"நின்னிருக்கலாம்," என்றது அண்டா. "நாற்பது பேர் தட்டோட வரிசையில நின்னாங்களே. ஆளுக்கு ஒரு கரண்டியாவது வரணுமே."

எஸ்தர் அக்கா இன்னொரு குடம் தண்ணீரை ஊற்றினாள். நிற்கப் பார்த்த கரண்டி சாய்ந்து, காம்புவரை மூழ்கிப்போனது.