எதைத் தேடினாலும் மீன்

"மச்சான், நீங்களே பாருங்க. நான் என்ன தட்டுறேன், இது என்ன காட்டுதுன்னு."

ஓய்வுபெற்ற சர்வேயர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு நீலத் தண்ணீரில் ஓர் ஆரஞ்சு மீன் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. 'வீட்டிலேயே அலங்கார மீன் வளர்க்கலாம்' என்றது பக்கம்.

"கம்பெனி பேரைத் தட்டினா மீன். மூட்டுவலிக்குத் தேடினாலும் மீன். இவர் வந்து எடுத்துட்டுப் போவார், தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், திரும்ப மீன்."

'இவர்' என்றது கம்ப்யூட்டர் மெக்கானிக்கை. மூன்றாவது முறையாக வந்திருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாகச் சிரித்தார்.

சர்வேயரின் மனைவிக்கு அண்ணனான ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுலயும் மூணு மாசமா இதே மீன்தான் மாப்பிள்ளை. எனக்கு சர்வதேசத் துப்பறிவாளர் விருது அறிவிச்சிருக்காங்க. பதிவுப் பணம் கட்ட உட்கார்ந்தா இது வந்து வாலை ஆட்டுது. அங்கேயும் வைத்தியம் இதே ஆள்தான்."

சர்வேயர் காதில் அது ஏறவில்லை. "இன்னைக்கு அஞ்சு மணிதான் கடைசி, தம்பி. வெளிநாட்டுல ஆலோசகர் வேலை. அறுபத்திமூணு வயசுல ஒருத்தன் என்னைக் கூப்பிடுறான். இதை விட்டா இனிமே யாரும் கூப்பிட மாட்டான்."

கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுக்குள் எப்படியோ புகுந்து, பொத்தான் போடும் முயற்சியைக் கைவிட்டு, விண்ணப்பத்துக்குப் புகைப்படம் எடுக்க ஸ்டூடியோவுக்குக் கிளம்பினார். அனுப்ப வேண்டிய காகிதங்கள் பழுப்பு உறையில் ஸ்கேனர் மேல் காத்திருந்தன.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போட்டார்.

"முப்பது வருஷம் திருடன் கையைப் பார்த்தே சம்பளம் வாங்கினவன் நான். நீ உன் வேலையைப் பாரு. நான் உன் கையைப் பார்க்கிறேன்."

"தாராளமா பாருங்க சார்."

மெக்கானிக் யாரும் கேட்காமல் வந்து ஒட்டிக்கொண்டிருந்த நிரல்களை ஒவ்வொன்றாகக் களைந்தார். முதல் பக்கத்தை மாற்றினார். அணைத்து மறுபடி போட்டு, 'வானிலை' என்று தட்டினார். மாலையில் மழை பெய்யலாம் என்று வந்தது. மீனைக் காணவில்லை.

இன்ஸ்பெக்டரின் தங்கை டீயும் பிஸ்கட்டும் கொண்டு வந்தாள். பழுப்பு உறையை ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். பாதி உடைந்து உள்ளே விழுந்தது. அதைக் காப்பாற்ற அவர் குனிந்த நேரத்தில் மெக்கானிக்கின் இடது கை சட்டைப் பைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் ஒரு பென் டிரைவ் இருந்தது.

இன்ஸ்பெக்டர் பிஸ்கட்டை அதன் விதிக்கு விட்டுவிட்டு அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடுக்கிறதும் நீ, போடுறதும் நீ. அதுக்கு ஒரு கூலி, இதுக்கு ஒரு கூலி. தங்கச்சி, ஸ்டேஷனுக்குப் போன் போடு."

தங்கை போனைத் தொடவில்லை.

"கையை விடுங்கண்ணே. போடச் சொன்னதே நான்தான்."

உறையைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். வீட்டுப் பத்திரம்.

"வேலை குடுக்கிறவன் எதுக்கு வீட்டுப் பத்திரத்தைக் கேக்கிறான்? கூடவே அஞ்சு வெத்துத் தாள்ல கையெழுத்தும் வேணுமாம்."

"இதை மாப்பிள்ளைகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"ஒருத்தன் கூப்பிட்டுட்டான்னு இருபது நாளா கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவுறார். ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா அந்தச் சீப்பைத் திரும்பத் தொட மாட்டார். வைரஸ் கெடுத்துச்சுன்னா நாலு நாள் அதைத் திட்டுவார், அஞ்சாம் நாள் சரியாயிடுவார். பொய்தான். கடவுள்கிட்ட தினமும் மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

"கூலி எடுக்கிறதுக்கு மட்டும்தான் சார்," என்றார் மெக்கானிக், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே. "போடுறது இலவசம். அவர் வந்து பார்க்கிறப்போ சுத்தமா இருக்கும். நான் கிளம்பினப்புறம்தான் மீன் முழிக்கும்."

வெளிக்கதவு கிறீச்சிட்டது. இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"சீக்கிரம் போடு," என்று கிசுகிசுத்துவிட்டு வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றார். "அடடே, கோட்டு பிரமாதமா இருக்கே மாப்பிள்ளை. எங்க, அப்படியே ஒரு சுத்து சுத்துங்க பார்ப்போம்."

சர்வேயர் வெட்கத்தோடு சுற்றினார். பின்பக்கமும் பார்க்க வேண்டும் என்று இரண்டாவது சுற்றும் சுற்ற வைத்தார் இன்ஸ்பெக்டர்.

மீன் இல்லாத திரையைப் பார்த்துக் குளிர்ந்துபோன சர்வேயர், முதல் காரியமாக முகம் கழுவப் போனார். இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கை வழியனுப்ப ஸ்கூட்டர் வரை வந்தார். தன் தங்கையை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது அவளுக்கு. இப்படி ஒரு யோசனை எங்கிருந்துப்பா வந்துச்சு?"

மெக்கானிக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"அவங்களுக்கு என் நம்பரைக் குடுத்ததே உங்க வீட்டம்மாதான் சார்."