நான்காவது குழி

'ஜூன் 9. முதல் குழியை மூன்றடியோடு நிறுத்தியது என் தவறு. கோக்கோ வேருக்கு ஐந்தடி பார்க்க வேண்டும்' என்று மண் பரிசோதனை மாலை வகுப்பு நோட்டில் எழுதினாள் தங்கை. வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் கோக்கோ போட ஆசைப்பட்ட நிலம் அது. அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு, அப்பா அன்று நான்கு குழி தோண்ட வைத்திருந்தார்.

நான்காவதிலும் ஐந்தடி வரை நல்ல மண். "போதுமாப்பா?"

"அந்த மூலையிலயும் தோண்டிப் பாரும்மா."

"கையெல்லாம் கொப்புளம்! நான் படிச்சதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்னு நினைக்கிறீங்க, அதானே?"

அப்பா குழியோரம் தொப்பென்று உட்கார்ந்தார். "எங்கயாவது பாறை தட்டாதான்னு பாத்தேன். மண்ணு நல்லாருந்தா உங்கண்ணன் வேலையை விட்டுட்டு வந்துருவானே!"

அவள் கோபம் அடங்கவில்லை. நோட்டில் அடுத்த வரியையும் எழுதினாள்: 'நாளை: உள்ளது உள்ளபடி அறிக்கை எழுதி அண்ணனுக்கு அனுப்ப வேண்டும்.'