தூறலுக்குக் கீழே

மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கச்சேரிக் குழுப் பாடகி புனிதா அக்காவின் குரல் உடையத் தொடங்கியதும், கீபோர்டு வாசிக்கும் பெலிக்ஸ் அவளிடம் சொல்லாமல் கடைசிப் பாட்டின் சுருதியை அரைக் கட்டை இறக்கி லேப்டாப்பில், ஒரே அழுத்தில் வரும் ஒரு பிரீசெட்டாகச் சேமித்தான். சந்தேகம் வரக் கூடாதென்று அதற்கு ‘மழை’ என்று பெயர். அடுத்த வருடம் இன்னும் அரைக் கட்டை; அது ‘தூறல்’. வீணை, வயலின், ட்ரம்பெட் என்று மேடையில் அவன் விரல் ஒலிகளை மாற்றுகிற வேகத்தில் யாரும் கவனிக்கவில்லை. “மிளகுக் கஷாயம் தொண்டைக்கு நல்லாக் கேக்குது தம்பி” என்பாள் அக்கா. “ஆமாக்கா” என்பான்.

இன்றைய கல்யாண வரவேற்பில், கடைசிப் பாட்டுக்கு முன், தண்ணீர் குடிப்பவள்போல அவன் பக்கம் வந்து மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“தம்பி, இன்னிக்குத் தூறலும் எட்டாது. அதுக்குக் கீழ ஏதாச்சும் வெச்சிருக்கியா?”

இருந்தது. காலையில்தான் சேமித்திருந்தான். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.