ஏழாம் எண்ணின் மூச்சு

“பேய்க்கெல்லாம் உதவித்தொகை குடுக்க நம்ம விதியில இடமில்லக்கா. வயசு இருபதுக்குள்ள இருக்கணும். அண்ணனுக்கு எழுபத்தொண்ணு” என்றார் டிரம்ஸ்காரர். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே தன் நாற்காலியைப் பாடகியின் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

“வாயை மூடுடா டம்மாரம். காதைக் குடுத்துக் கேளு” என்றார் பாடகி.

ஒத்திகைக் கூடத்தின் நடுவே, மரச்சட்டத்தில் கறுப்புத் திரை. அதன் பின்னால் ஏழாம் எண் வயலின் வாசித்துக்கொண்டிருந்தது. ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை, யாருக்கு வேண்டியவர் என்பதெல்லாம் நடுவர்களாக உட்கார்ந்திருந்த மூவருக்கும் தெரியக் கூடாது. வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட வேண்டும், பேசக் கூடாது, பெயர் கிடையாது, எண்தான்.

நாற்பது வருடம் நால்வராக மேடையேறிய குழு அது. போன மாதம் வயலின்காரர் போய்ச் சேர்ந்தார். குழுவுக்கே அவர் அண்ணன். கடைசி இரண்டு இசைத்தட்டுகளின் வருமானத்தை அப்படியே போட்டு, மிச்சமிருந்த மூவரும் அவர் பெயரில் இந்த உதவித்தொகையைத் தொடங்கியிருந்தார்கள். தேர்வாகும் ஒருவருக்கு இசைக் கல்லூரிப் படிப்பு முழுவதும் இலவசம்.

ஏழாம் எண்ணின் விண்ணப்பத்தில் ஒரே வரிதான்: ‘திங்கட்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் என் இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.’

“ஸ்ஸ்ஸ்…”

மறுபடியும் அதே மூச்சு. ஒவ்வொரு வரியைத் தொடங்கும் முன்பும், சுடச்சுடக் காபியை உறிஞ்சுவதுபோல் உள்ளே இழுக்கும் மூச்சு. அண்ணனின் மூச்சு. அதைப் பதிவிலிருந்து நீக்கப் பார்த்து நொந்துபோன ஒலிப்பதிவாளர்கள் பலர்.

பகல் பதினோரு மணி. ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் குழல்காரர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“அம்பது வருஷமா மூச்சை வித்துத்தான் சோறு தின்னுறேன். மூச்சு விஷயத்துல நான் ஏமாற மாட்டேன். இது அண்ணனேதான்” என்றார் மெல்ல.

“அண்ணனும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. பச்சைக் காப்பி!” பாடகி சிவப்புப் பேனாவை எடுத்தார். “யாரையும் காப்பியடிக்கிறவங்களுக்கு இந்தப் பணம் கிடையாதுன்னு நாமதானே எழுதினோம்? வாசிப்பைக் காப்பியடிச்சாக்கூட மன்னிச்சிருவேன். செத்தவரோட மூச்சையுமா? நம்ம துக்கத்தை வச்சு வித்தை காட்டுறாங்க!”

ஏழாம் எண்ணின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

“அண்ணி, அந்தத் திரையை எடுங்க. யாருன்னு பார்ப்போம்.”

வாசலருகே பெயர்ப்பட்டியலோடு உட்கார்ந்திருந்த அண்ணனின் மனைவி தயங்கி எழுந்து, திரையை மடக்கினார். பின்னால் ஒல்லியாக ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கலாம். தோளில் வயலின், கண்ணில் பயம்.

“எத்தனை மாசமா பழகின இந்த வேலையை?” என்றார் பாடகி.

“நான் காப்பியடிக்கலம்மா.”

“அப்ப நாங்க மூணு பேரும் செவிடா?”

பெண்ணின் கண்கள் நிரம்பின. அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்தார். பிறகு, பட்டியலை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்:

“அவளைத் திட்டாதீங்க. அவருக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாச்சு. இடது கையில ஒரு விரல்கூட அசையல.”

“என்ன அண்ணி உளறுறீங்க? ரெண்டு இசைத்தட்டு வாசிச்சு அனுப்பினாரே!”

“மேடை வேண்டாம், மாடி ரூம்லயே பதிவு பண்ணி அனுப்புறேன்னு ஏன் சொன்னார்? நீங்க வந்தப்பல்லாம் கையைப் போர்வைக்குள்ளயே வச்சிருந்தாரே, கவனிக்கலையா? சொல்லிக்க வெட்கம். அவருக்குக் கைப்பயிற்சி குடுக்க வந்த அம்மாவோட பொண்ணு இவ. அவர் சொல்லிக்குடுக்க, அந்த ரெண்டும் இவ வாசிச்சது.”



“கடைசி ரெண்டுலதான் அண்ணன் கை கனிஞ்சுதுன்னு ஊரெல்லாம் பேட்டி குடுத்தேனே!” என்று தலையில் கைவைத்தார் பாடகி.

“விடுக்கா. நான் இவளுக்கு டிரம்ஸ் வாசிச்சுட்டு, அண்ணனைக் கட்டிப்பிடிச்சு அழுதிருக்கேன்” என்றார் டிரம்ஸ்காரர்.

பாடகி இன்னொரு தாளை எடுத்து, ‘ஏழு’ என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழல்காரரும் போட்டார். திங்கட்கிழமையைப் பற்றி இனிக் கவலையில்லை என்று புரிந்ததும், அந்தப் பெண் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டிரம்ஸ்காரர் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டினார்.

“வாசிச்சது நீதான், ஒத்துக்குறேன் தாயி. ஆனா அந்த மூச்சு? அதை மட்டும் அண்ணன்கிட்டயிருந்து காப்பியடிச்சுட்டியே. விதின்னா விதிதானே?”

பெண் குழப்பத்தோடு அவரைப் பார்த்தாள்.

“மூச்சு நான் விடுறதில்ல சார். எப்பவும் ஐயாதான் பக்கத்துல உட்கார்ந்து விடுவாரு” என்றாள், வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே. “இன்னிக்கும்தான்.”