போயிட்டு வா

குழாய் காலியாக இல்லை.

அவள் மறுபடி பார்த்தாள். நுண்ணோக்கியின் ஒளி வட்டத்தில், குழாயிலிருந்து வடித்த துளிக்குள், அது கிடந்தது.

கரு.

சற்று முன்தான் தன் கையால் அனுப்பிவைத்திருந்தாள். கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில், சின்ன ஜன்னலுக்கு அப்பால், டாக்டர் அந்த மெல்லிய குழாயைச் சண்முகக்கனியின் கருப்பைக்குள் செலுத்தி, வெளியே எடுத்து, வழக்கம்போலத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே எதுவும் மிஞ்சவில்லை என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. 'காலி டாக்டர்' என்பாள். அதோடு முடியும்.

"வந்திருச்சு டாக்டர்," என்றாள்.

ஜன்னலுக்கு அப்பாலிருந்து சண்முகக்கனியின் குரல் கேட்டது.

"எது வந்திருச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. அசையாம படுங்க. இன்னொரு தடவை வச்சிரலாம்," என்றார் டாக்டர்.

எப்போதாவது நடப்பதுதான். சளியில் ஒட்டிக் குழாயோடு வந்துவிடும். புத்தகத்தில் இருக்கிறது.

ஆனாலும் கையுறைக்குள் அவளுக்கு வேர்த்தது. அவள் பயந்த காரணம் புத்தகத்தில் இல்லை.

கருவைக் குழாயில் ஏற்றி ஜன்னலில் நீட்டும்போது அவள் வாய் தன்பாட்டுக்கு ஒன்றை முணுமுணுக்கும். பழக்கதோஷம். காலையில் பள்ளி வேனில் ஏறும் மகளிடம் சொல்வது.

"போயிட்டு வா."

கிளம்புகிறவர்களிடம் வெறும் 'போ' என்று யார்தான் சொல்வார்கள்?

இன்றும் அப்படித்தான் சொன்னாள்.

அது சொன்னபடி கேட்டிருக்கிறது.

சண்முகக்கனிக்கு மிச்சமிருந்த கடைசிக் கரு அது. முன்பு வைத்த எதுவும் பிடிக்கவில்லை. உள்ளே போகும் முன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சண்முகக்கனி கேட்டிருந்தாள். "இந்தத் தடவையாவது தங்கிரும்லா மேடம்?"

அதற்காகத்தான் கருவைச் சுற்றியிருந்த ஓட்டில் லேசரால் ஒரு வாசல் திறந்துவிட்டாள். வெளியே வந்து கருப்பையைப் பற்றிக்கொள்ள அதற்குச் சிரமம் இருக்கக் கூடாது. பிடிப்புக்கு உதவும் பிசுபிசுப்பான திரவத்திலும் கிடத்திவைத்தாள். கை செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. வாய்தான் கெடுத்தது.

படித்தவளுக்கு வரவேண்டிய நினைப்பா இது? அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இருந்தும் குனிந்தாள்.

கரு அந்த வாசல் வழியே கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

முகக்கவசத்துக்குள் உதடு அசைந்தது.

"போ."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது.

கருக்கள் சுருங்கும், பிறகு விரியும். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இது, திட்டு வாங்கிய பிள்ளை தோளைக் குறுக்கிக்கொள்வதுபோல இருந்தது.

ஏற்றினாள். நீட்டினாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

குழாய் திரும்பி வந்தது. துளியில் ஒன்றுமில்லை.

"காலி டாக்டர்."

அன்றிலிருந்து எந்தக் கருவுக்கும் அவள் 'போயிட்டு வா' சொல்லவில்லை. 'போ' என்றே அனுப்பினாள். முதலில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

இரண்டு வாரமானது. சண்முகக்கனியின் இரத்தம் கர்ப்பப் பரிசோதனைக்குப் போயிருந்தது. முடிவு மறுநாள் காலையில் வந்துவிடும் என்றார்கள்.

காலையில் மகளுக்குப் பின்னல் போடும்போதும் அவளுக்கு அதே நினைப்பு. டிபன் பாக்ஸை மூடும்போதும் அதே. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேன் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

"வரேம்மா."

"போ."

சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது.

மகள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அம்மாவையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஏறிவிட்டாள். கதவு மூடியது.

கூப்பிட்டு நிறுத்தலாம். மாற்றிச் சொல்லிவிடலாம்.

ஆனால் கிளம்பியவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அதுவும் ஆகாது.

திறந்த வாயோடு நின்றாள்.

வேன் நகர்ந்தது.

கையில் செல்போன் அதிர்ந்தது. டாக்டரின் செய்தி. 'சண்முகக்கனிக்கு பாசிடிவ். தங்கிருச்சு.'

எவ்வளவு வேண்டிக்கொண்ட செய்தி. மறுபடி ஒருமுறை படித்தாள்.

சொன்னபடி கேட்டிருக்கிறது.

நிமிர்ந்தாள். தெருவில் வேன் இல்லை.